ஒரு ஃபிளெக்ஸ் தொண்ணூத்தொம்பது ரூபா

"வேலைக்கு ஆர்டர் வந்துருச்சு பியூலா. திங்கக்கிழமை சென்னைக்குப் போறேன்"னு வியாழக்கிழமை சத்யப்பிரியா சொன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில இருந்த டீ கிளாஸை அவ மேலயே எறிஞ்சிருப்பேன். எங்கம்மா கிளாஸு, தப்பிச்சா.

ராஜபாளையத்துல எங்க வீட்டு மாடியில ரெண்டு வருசமா நாங்க ரெண்டு பேரும் செஞ்ச கேம். இங்கயிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மினி பஸ் ஓட்டணும், அம்புட்டுதான். படமெல்லாம் அவ, கோடிங் நான். அவ போயிட்டா அதோட கேம் முடிஞ்சது. நூத்தி நாப்பத்தொம்பது ரூபான்னு விலை வச்சு மூணு மாசத்துல வித்தது ஆறு. ஆறும் சொந்தக்காரவுக.

"போ, போ!"ன்னு கத்துனேன். "அதுக்கு முந்தி ஒண்ணு செய்வோம். கேமை முழுசா சும்மா குடுப்போம். பிரியப்பட்டவுக தொண்ணூத்தொம்பது ரூபா குடுத்தா, கேமுக்குள்ள ரோட்டோரம் அவுக படத்தைப் போட்டு ஃபிளெக்ஸ் வைப்போம். அதுக்காக பஸ் ஒரு அடிகூட வேகமாப் போகாது. வெறும் பெருமைதான்."

"வெறும் பெருமைக்கு எவ காசு குடுப்பா?"

"நம்ம ஊர்ல இருந்துக்கிட்டா இதைக் கேக்க?"

வெள்ளிக்கிழமை விட்டோம். முதல் ஆளு, தளவாய்புரத்துல நைட்டி கம்பெனி வச்சிருக்க சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. கூலிங் கிளாஸ் போட்ட படம் அனுப்பியிருந்தாவ. சத்யா ரெண்டு மாதிரி ஃபிளெக்ஸ் வரைஞ்சு வச்சிருந்தா: ஒண்ணு கல்யாண வாழ்த்து, ஒண்ணு கண்ணீர் அஞ்சலி. நம்ம ரோடுன்னா ரெண்டும் இருக்கணும்ல. நான் இருந்த கடுப்புல அண்ணாச்சியைக் கண்ணீர் அஞ்சலியில சொருகிட்டேன்.

சனிக்கிழமை காலையில போன். "ஏம்மா, நான் எப்பம்மா செத்தேன்?"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி, இப்பமே மாத்திருதேன்."

"மாத்துனே, கெட்ட கோவம் வரும்! பத்து வருசமாப் பேசாத என் மச்சினன் அதைப் பாத்துட்டு அழுதுக்கிட்டே ஓடியாந்துட்டான். இந்தா, எதுத்தாப்புல உக்காந்து இட்லி திங்கான். அவனுக்கும் ஒண்ணு போடு. அவனுக்கும் கண்ணீர் அஞ்சலிதான் வேணுமாம்."

பொறவு கேக்கணுமா! சுந்தரபாண்டியத்துல ஒரு வாலிபால் டீமே மொத்தமாச் செத்துச்சு. வ. புதுப்பட்டி சாம்சன், கல்யாணமாகி ஒரு வாரம், பொண்டாட்டியோட ஜோடியாப் போட்டுக்கிட்டான். எங்க தெரு பரிபூரணம் அக்கா சிரிச்ச மாதிரி படந்தான் வேணும்னு அடம்பிடிச்சாவ. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள எண்ணூறு ஃபிளெக்ஸ் தாண்டிருச்சு. சோறு தண்ணி இல்லாம நாங்க ரெண்டு பேரும் படத்தை ஒட்டுறதும், கத்துறதும், மாடி அதிர ஆடுறதுமா இருந்தோம்.

ஆடிக்கிட்டே இருக்கும்போது மூலையில அவ கட்டி வச்ச பெட்டி கண்ணுல பட்டுச்சு. ஆட்டம் நின்னு போச்சு. காசு வந்து என்ன, அவ இருக்கணும்லா. 'போகாதட்டி'ன்னு சொல்ல வாய் வரலை. வியாழக்கிழமை போ போன்னு கத்துனதும் இந்த வாய்தான்.

அப்ப புது ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. பேரு சத்யப்பிரியா. தொண்ணூத்தொம்பது ரூபாயும் கட்டியிருந்தா. படத்துல ஆளு இல்லை, சென்னைக் கம்பெனி அனுப்புன வேலை ஆர்டர் இருந்துச்சு. அடியில அவளே எழுதியிருந்தா:

"கண்ணீர் அஞ்சலி. தோற்றம்: வியாழன். மறைவு: ஞாயிறு. துயரத்தில் வாடுவோர்: ஒருத்தரும் இல்லை."