சலவை அறையில் இருபத்து மூன்று பருவங்கள்

முள்ளம்பன்றிகள் என்ற டெல்பர்ட் கல்லூரிக் கால்பந்து அணிக்கு நான் இருபத்து மூன்று வருடமாக ரசிகன். இந்த ஊரில் என்னைவிடப் பெரிய ரசிகன் இருக்கிறான் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். ஆனால் இந்த வருடம் வரை முள்ளம்பன்றிகள் மைதானத்தில் ஆடி நான் பார்த்தது கிடையாது. ஒரு ஆட்டம், ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

எங்கள் ஊரில் மற்றவர்கள் ரசிகர்களாவதற்கு ஒழுங்கான வழிகள் உண்டு. என் மாமனார் ஆர்வில் ஸ்டட்ஸ்மன் பிறந்ததும், தொப்புள்கொடி அறுக்கும் முன்பே ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிவிட்டார்களாம். என் மச்சான் டுவைட் அந்தக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, மூன்று வருடமும் ஃபெயிலாகி, கல்லூரியை வெறுப்பதற்குப் பதிலாக அதன் அணிக்கு அடிமையாகிவிட்டான். நான் பக்கத்து மாவட்டத்துப் பால்பண்ணைக்காரன். சனிக்கிழமை என்றால் எங்களுக்கு மாடுதான். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று ஏன் பேர் வைத்தார்கள் என்பதைக்கூட யோசித்ததில்லை.

கல்யாணமான முதல் சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனேன். அணி வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்து டிவி முன்னால் குடும்பமே உட்கார்ந்திருந்தது. இருபது புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அந்தச் சோகத்தில் டுவைட் கையை வீச, தட்டிலிருந்த மாட்டிறைச்சி பீன்ஸ் குழம்பு முழுக்க என் புதுச் சட்டையில் விழுந்தது. என் மனைவி ஜோலீன் என்னைப் பக்கத்துச் சலவை அறைக்குக் கூட்டிப்போய், சட்டையைக் கழற்றி அலசி, துணி காயவைக்கும் டிரையரில் போட்டுவிட்டு வந்தாள். வெற்று உடம்போடு வெளியே வர வெட்கமாக இருந்ததால் நான் அங்கேயே நின்றேன்.

டிரையர் ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் சுவருக்கு அந்தப்பக்கம் அலறல். டச்டவுன், நம் ஆள் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. என்னதான் நடக்கிறது என்று துண்டைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அதே நொடியில் நம் ஆள் பந்தைக் கீழே விட்டுவிட்டானாம். மாமனார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, உள்ள போங்க."

"சட்டை காஞ்சிருக்கும் மாமா."

"மறுபடி நனைங்க."

அன்று ஜெயித்தோம். அடுத்த சனிக்கிழமை நான் வாசலில் கால் வைத்ததும் மாமனார் ஒரு ஈரச் சட்டையை என் கையில் கொடுத்தார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. விதிகள் போகப்போகச் சேர்ந்தன. மேல்சட்டை இருக்கக் கூடாது. டிரையரில் என் சட்டை ஒன்று மட்டும் இருக்க வேண்டும். டிவி கூடாது, ரேடியோ கூடாது. ஒருமுறை பழைய டிரையர் கதறுகிறது என்று புதிதாக வாங்கினார்கள். வரிசையாக இரண்டு ஆட்டம் தோற்றோம். மாமனாரும் டுவைட்டும் பழைய இரும்புக் கிடங்கில் ஒரு நாள் முழுக்கத் தேடி, பழையதைக் கண்டுபிடித்துக் கட்டித் தூக்கிவந்தார்கள். என் மகள் ஹெய்டி பிறந்தது அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நாற்பத்திரண்டுக்கு மூன்று என்று தோற்றோம். மாமனார் பேத்தியைக் கையில் வாங்கிக் கண்கலங்கினார்.

"பிள்ளை தங்கமாட்டம் இருக்கா. வெள்ளிக்கிழமையே பொறந்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். முதல் வருடம் வந்தது. அயோவா மாநிலத்து நவம்பர் குளிரில் வெற்று உடம்போடு நின்று பாருங்கள், உங்களுக்கும் வரும். ஆனால் இரண்டாவது வருடம் என் காது பழகிவிட்டது. உள்ளூர் ஆட்டமென்றால் வீட்டில் எல்லாரும் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். மைதானம் நான்கு தெரு தள்ளி. நம் ஆள் புள்ளி எடுத்தாலும் ஆட்டத்தை ஜெயித்தாலும் ஒரு பீரங்கி வெடிக்கும், சலவை அறை ஜன்னல் அதிரும். பீரங்கிக்கு முன்னால் வரும் சத்தங்களும் எனக்கு அத்துப்படியாயின. கூட்டம் மூச்சை இழுத்தால் பந்து காற்றில் இருக்கிறது. அடிவயிற்றிலிருந்து முனகினால் யாரோ தடுக்கி விழுந்தான். மூன்றாவது வருடம், பீரங்கி வெடிக்கும் முன்பே தனியாக நின்று கைதட்ட ஆரம்பித்தேன். நாலாவது வருடம் ஒரு தோல்விக்கு டிரையர்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். அதற்குப் பிறகு என்னை யாரும் உள்ளே போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்கும் விஷயம் தெரிந்துபோனது. சனிக்கிழமை காலையில் நான் பெட்ரோல் போட நின்றால்கூட, "கர்ட், இங்க என்ன பண்ற? மணியாகுது, சட்டையைக் கழட்டு!" என்று கத்துவார்கள்.

இந்த வருடம் வந்தது சிக்கல். ஹெய்டி அதே கல்லூரியில் கடைசி வருடம். வாத்தியக் குழுவில் சூசஃபோன் ஊதுகிறாள். அவள் எடையில் கால்வாசி கனக்கும் பித்தளைக் குழாய், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு அணிவகுத்து நடக்க வேண்டும். நாலு வருடத்தில் நான் அவள் நடந்து பார்த்ததில்லை. அவள் நடப்பது ஆட்டத்தன்று, ஆட்டத்தன்று நான் எங்கிருப்பேன் என்று ஊருக்கே தெரியும். ஆட்டப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, படிப்பு முடிக்கிற பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். அப்பா அம்மாவோடு கைகோத்து மைதானத்தின் நடுவே நடப்பார்கள். அந்த நாளில்தான் கார்வின் கல்லூரியின் நீர்நாய்கள் அணியோடு ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. கோப்பை வந்து நாற்பத்தோரு வருடம்.

ஆச்சரியம் என்னவென்றால், மாமனார் சம்மதித்துவிட்டார். எண்பத்தோரு வயது மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க மாப்ளே. பேத்தியவிடக் கோப்பை பெருசா? நாப்பத்தோரு வருஷம் காத்திருந்தேன். இன்னொரு நாப்பத்தோரு வருஷம் காத்திருந்தாப் போச்சு."

மறுத்தது நான்.

வியாழக்கிழமை மாலை நான் மாமனார் வீட்டில் டிரையரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீருடையைத் துவைக்க அங்கே வந்த ஹெய்டி, சலவை அறை வாசலில் நின்று கேட்டாள். "அப்பா, வருவேல்ல?"

"கார்வின் ஆட்டம்டா கண்ணு. வேற எந்த ஆட்டமா இருந்தாலும்..."

"வேற ஆட்டம் இல்லப்பா. நான் படிச்சு முடிக்கறேன்."

"வீடியோ எடுக்கச் சொல்லு, ராத்திரி பாத்துடறேன்."

அவள் கதவின் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தாத்தாதான் உன்னை இங்க அடைச்சு வச்சிருக்காருன்னு சின்ன வயசுலேருந்து நெனச்சிட்டிருந்தேன். இந்தக் கதவுல பூட்டே இல்லியேப்பா."

சீருடையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்ற மகளைவிட ஒரு டிரையரைப் பெரிதாக நினைக்கிற நிலைக்கு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படி உறைத்தும் கூட, "ஆனா நாப்பத்தோரு வருஷமாச்சே" என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. இந்த வியாதிக்குத்தான் ரசிகன் என்று பெயர்.

வெள்ளிக்கிழமை காலை ஜோலீன் காப்பியை மேசையில் ணங்கென்று வைத்தாள். "நாளைக்கு நீ போற. பேசாத. வாயைத் தொறந்தா இந்தக் காப்பி உன் சட்டையில."

"நீ?"

"பேண்டு வாசிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுக்க எட்டு ஆப்பிள் பை பலகாரம் அடுப்புல வெந்துட்டிருக்கும். என் வண்டியில பின்னாடி வரேன்."

சனிக்கிழமை பெயரை அழைத்தபோது ஜோலீன் வந்து சேரவில்லை. "ஹெய்டி ப்ரூனர், சூசஃபோன். பெற்றோர் கர்ட், ஜோலீன்" என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் மட்டும் மகளின் கையைப் பிடித்து நடந்தேன். கைதட்டிக்கொண்டிருந்த ஒன்பதாயிரம் பேரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"அது கர்ட் தானே?" என்று ஒருவன் கேட்டது எனக்கே கேட்டது.

"வீட்டுக்குப் போ கர்ட்! உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று இன்னொருவன் கத்தினான்.

ஹெய்டி என் கையை இறுக்கிக்கொண்டாள். குழாய்க்குள்ளிருந்து அவள் முகம் மட்டும் சின்னதாகத் தெரிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டும் வந்தது. இதை நாலு வருடமாகப் பார்க்காமல் இருந்தேனே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

நடை முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆட்டம் தொடங்க ஒன்பது நிமிடம். நாலு தெரு. ஓடினால் பிடித்துவிடலாம்.

"அப்பா, உக்காரு," என்றாள் ஹெய்டி. வாத்தியக் குழுவின் வரிசையில் பக்கத்து இடத்தைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

பந்தாட்டத்தைக் கண்ணால் பார்த்தால் ஒரு எழவும் புரியவில்லை. இருபத்திரண்டு பேர் மோதிக் குவியலாக விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடி விழுகிறார்கள். பந்து எங்கே என்றே தெரியவில்லை. கண்ணை மூடினேன். உடனே எல்லாம் தெளிவாகிவிட்டது. "இடது பக்கம் ஓடறான்... தாண்டிட்டான்... இப்ப வெடிக்கும்" என்றேன். பீரங்கி வெடித்தது. ஹெய்டி விலாவில் இடித்தாள். "கண்ணைத் தொறந்து பாருப்பா!"

ஏழு. பதினாலு. இடைவேளைக்குள் இருபத்தொன்று. கார்வின் ஒன்றுமே எடுக்கவில்லை. கூட்டம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, ஒருவன் முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, என் சட்டையைக் குனிந்து பார்த்தேன்.

நான் இங்கே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் இருபத்து மூன்று வருடமாக நான் அங்கே எதற்காக நின்றேன்?

சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதி முழுக்க நான் கார்வினுக்காக வேண்டிக்கொண்டேன். வாயைத் திறக்காமல், ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு. வேண்டுதல் பலிக்கவும் செய்தது. அவர்கள் ஏழு எடுத்தார்கள், இன்னொரு ஏழு எடுத்தார்கள், கடைசிக்குக் கொஞ்சம் முன்பு ஆறும் எடுத்தார்கள். இருபத்தொன்றுக்கு இருபது. நாலு நொடி மிச்சம். அவர்கள் பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மூன்று புள்ளி, நம் கதை முடிந்தது. ஒன்பதாயிரம் பேரும் மூச்சை இழுத்தார்கள். ஹெய்டி என் கையை நகம் பதியப் பிடித்தாள். உள்ளே போ, உள்ளே போ என்று நான் பந்தைக் கெஞ்சினேன்.

கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது.

பீரங்கி வெடித்தது. எல்லாரும் மைதானத்துக்குள் குதித்தார்கள். ஹெய்டி ஓவென்று அழுதுகொண்டே ஊதினாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமனார் வந்தார். ஜெயித்தவர் முகமா அது? வெளிறிக் கிடந்தது.

"மாப்ளே, முழு ஆட்டமும் இங்கதான் இருந்தீங்களா?"

"முழுசா மாமா."

"கண்ணைத் தொறந்துக்கிட்டு?"

"பாதிக்கு மேல."

தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பிள்ளை பொறந்த அன்னிக்குக்கூட ஒங்களக் கொற சொன்னேனே. குளிர்ல நிக்க வச்சேனே. இருபத்து மூணு வருஷம்... நான் மனுஷனா?" என்று என் முழங்காலில் கை வைத்தார். நாற்பத்தோரு வருடம் கழித்துக் கோப்பை வந்திருக்கிறது, நாங்கள் இருவரும் சாவு வீட்டில் போல உட்கார்ந்திருந்தோம்.

"ஜோலீன் எங்க?" என்றார் திடீரென்று. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. போன் செய்தேன். எடுத்ததும் கரகரவென்று ஒரு இரைச்சல். அந்த இரைச்சலை எந்தத் தூக்கத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"கடைசியா ஒரு குண்டு வெடிச்சுதே, ஜெயிச்சோமா?" என்று கத்தினாள்.

"ஜோலீன், எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? சலவை அறையில. அப்பா வீட்டுல யாருமே இல்ல, வந்து நின்னுட்டேன். ஹெய்டி நல்லா நடந்தாளா?"

"நீ வந்து நடந்திருக்கலாமே. பெத்தவ நீ..."

"நான் நாலு வருஷமா ஒரு ஆட்டம் விடாமப் பாத்தாச்சு. நீ ஒரு தடவைகூடப் பாக்கலியே. ரெண்டு பேரும் வந்துட்டா இங்க யாரு நிக்கறது?"

"டிரையர்ல என்ன?" என்றேன்.

"உன் சட்டைதான். வேற எதைப் போடுவேன்? நான் சட்டையில்லாம நிக்கறேன், குளிருது, சீக்கிரம் வா."

மாமனாரிடம் சொன்னேன். செத்த முகத்தில் உயிர் வந்தது. துள்ளி எழுந்து தொப்பியை மாட்டினார். "நான்தான் சொன்னேனே! சொன்னேனா இல்லையா? ஒண்ணுமே வீணாப் போகல மாப்ளே!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். உலகத்தில் அதைவிட நல்ல செய்தியை நான் கேட்டதில்லை.

கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே யோசனையில் ஆழ்ந்தார்.

"ஆனா ஒண்ணு. கோப்பை வந்தது அவ நின்னப்ப. ஜெயிச்ச ஆளை மாத்தப்படாது. இனிமே அவதான் நிக்கணும். நீங்க சொகமா டிவி பாருங்க."

"மாமா! அது என் எடம்!" என்று அலறிவிட்டேன். போனில் ஜோலீனும் கத்தினாள். "அதெல்லாம் இல்ல, இங்கேருந்து கேக்க ரொம்ப நல்லா இருக்கு, நானே நிக்கறேன்!"

"மாமா, கையெடுத்துக் கும்புடறேன். ரெண்டு பேரும் சேந்து நிக்கறோம்."

"ரெண்டு பேருமா? சட்டை இல்லாமயா?"

"ஐயோ, தாத்தா!" என்று ஹெய்டி குழாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆரஞ்சு நிறக் கூட்டம் எங்களைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. மாமனார் தாடையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"எதுக்கும் சின்ன டீமோட ஆடறப்ப முதல்ல செஞ்சு பாப்போம்," என்றார்.