கை வைக்காதவள்

“அம்மா, நான் பொறந்தப்ப என்னைக் கையில வாங்கினதே தெருக் கூட்டுறவங்கதானே? அப்புறம் எதுக்கு அவங்க நின்ன இடத்தை மட்டும் கழுவிவிட்டாங்க?”

மகள் இப்படிக் கேட்டது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில். சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சின்னவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். “வாயை மூடிட்டுச் சாப்பிடுடி” என்று அதட்டினாள். குழந்தை சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விட்டது. கேள்விதான் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

இன்று விளக்கு வைக்கிற நேரத்தில், சாமி அலமாரிக்கு முன்னால் வீடே வரிசை கட்டி நின்றபோது அது மறுபடியும் தொண்டை வரை வந்தது.

அந்த வீட்டுக்குப் பெரியவர் அவள் கணவனின் அண்ணன், கட்டட மேஸ்திரி. தேர்தலுக்கு முந்தின சாயங்காலம் அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேஸ்திரி விளக்கை ஏற்றி, யாருக்கு ஓட்டு என்று சொல்வார். ஓட்டுள்ள ஒவ்வொருவரும் விளக்கின் அடியில் கை வைத்து, மாற்றிப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அவருடைய அப்பா காலத்திலிருந்து யாரும் மீறியதில்லை. மீறினால் குலம் தழைக்காது என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். சின்னவளும் நம்பினாள்.

“நாட்டையே ஆளப்போறது யாருன்னு முடிவு பண்ற தேர்தல். விளையாட்டு இல்ல” என்றார் மேஸ்திரி. “மேல இருந்து ரெண்டாவது பட்டன். நம்ம வீட்டு ஓட்டு ஒண்ணுகூடச் சிதறாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நம்மாளு ஜெயிச்சா, கால்வாய்க்கரையைச் சுத்தம் பண்ணிக் கடை கட்டுற வேலை முழுக்க நமக்குத்தான்.”

“சுத்தம் பண்றதுன்னா?” என்று கேட்டான் தம்பி, சின்னவளின் கணவன். அவன் பஸ் டிரைவர்.

“குடிசைங்களைத்தான்டா. பின்னே, மீனா பிடிக்கப் போறோம்?”

“அங்க இருக்கிறவங்க ஓட்டு விழாதே, அண்ணே.”

“அவங்களுக்கு ஓட்டு இருந்தாத்தானே விழ? கதவு நம்பர் இல்லாத வீடுன்னு பேரையெல்லாம் எடுத்தாச்சு. நீ பஸ் ஓட்டு போதும், கணக்கை நான் பார்த்துக்கறேன்.”

தெருக் கூட்டுகிற அம்மாள் இருப்பது அந்தக் கால்வாய்க்கரையில்தான்.

மகள் பிறந்த நாளில் பேய்மழை. டிரைவர் வெளியூர் வண்டியில் போயிருந்தான். மேஸ்திரி வண்டி தேடிப் போய், தண்ணீரில் மாட்டிக்கொண்டார். பெரியவள், அதாவது மேஸ்திரியின் மனைவி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அலறல் கேட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவந்தவள் அந்த அம்மாள்தான். வரலாமா என்று கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். “என்னைப் பாரும்மா, என் முகத்தையே பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொடி சுற்றிக்கொண்டு நீலமாக வந்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி அழவைத்தாள்.

மழை விட்டதும் வீடு தன் வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அவளுக்கு டீ கொடுத்தார்கள். எட்ட நின்று தூக்கி ஊற்றினார்கள். அவள் கையை ஏந்திக் குடித்துவிட்டு, “புள்ள நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிப் போனாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் வாளி வாளியாகத் தண்ணீர் விழுந்தது. பச்சை உடம்போடு படுத்திருந்த சின்னவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போது பெரியவள் கை வைத்தாள். டிரைவரும் வைத்தான். மேஸ்திரி திரும்பினார். “உம், அடுத்து.”

சின்னவள் ஒரு அடி பின்னால் போனாள்.

“நான்… வீட்டுக்குத் தூரம், மாமா.”

மேஸ்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டார். “வந்து நிக்கிறதுக்கு முன்னாடியே சொல்றதுக்கு என்ன? விளக்குப் பக்கத்துல வராதே, போ.” பிறகு தம்பியிடம், “அவளுக்கும் சேர்த்து நீயே வச்சிடு” என்றார்.

டிரைவர் எடுத்த கையை மறுபடியும் வைத்தான்.

பெரியவள் மட்டும் சின்னவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே கொடியில் துணி உலர்த்துகிற இருவருக்குள் எது மறையும்? போன வாரம்தான் சின்னவள் தலை முழுகி வீட்டுக்குள் வந்திருந்தாள். பெரியவளின் உதடு லேசாகப் பிரிந்தது.

“பின்கட்டு ரூம்ல பாய் போட்டு வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் பெரியவள்.

பின்கட்டு அறையில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம் இருந்தது. சாப்பாடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் கேட்டபோது மேஸ்திரியின் மகள் சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். கையை ஏந்திக் குடித்துக்கொண்டிருந்த சின்னவளுக்குப் பாதியில் புரையேறியது. இத்தனை வருஷமாக மாதாமாதம் இப்படித்தான் குடித்திருக்கிறாள். இன்றைக்குத்தான் இது யாருடைய கை மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது.

டிரைவர் வந்து வாசற்படிக்கு அந்தப் பக்கம் குத்தவைத்தான்.

“எனக்கும் சேர்த்துக் கை வச்சீங்களே, என் மனசுல என்ன இருக்குன்னு கேட்டீங்களா?” என்றாள்.

“அண்ணன் மூஞ்சியைப் பார்த்து எப்படிடி முடியாதுன்னு சொல்றது?”

“எதிர்ல லாரி வந்தாக்கூட அசராம ஓட்டுவீங்களே.”

“லாரிக்கு பிரேக் இருக்கு. அண்ணனுக்கு ஏது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான்.

தனியாக இருந்தபோது சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். சாமி அலமாரி அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தது. “சாமி, உன் விளக்கு முன்னாடியே பொய் சொல்லிட்டேன். சத்தியம் பண்ணிட்டு மீறுறதுக்கு பயந்துதான் சொன்னேன். தப்புன்னா என்னோட நிறுத்திக்கோ, என் புள்ள மேல காட்டாதே.”

பயம் அதோடு தீரவில்லை. எதிர்த்து நிற்கிறவர், சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஒரு நர்ஸம்மா. கால்வாய்க்கரைக்குப் போய்க் குடிசை வாசலில் தரையிலேயே உட்கார்ந்து, யாரையும் விரட்ட விடமாட்டேன் என்று சொன்னாராம். போன தேர்தலில்கூட ஒருவர் அப்படி உட்கார்ந்தார். ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுப் போனவர் திரும்பியே பார்க்கவில்லை. இந்த அம்மாளும் அப்படித்தானோ என்னவோ. ஜெயிக்கிற ஆள் மாதிரியும் தெரியவில்லை. இத்தனை பெரிய நாட்டில், சிமெண்டு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் ஓட்டு எந்த மூலைக்கு?

காலையில் பெரியவள் காப்பியோடு வந்தாள். படியில் வைக்காமல் கையிலேயே கொடுத்தாள்.

“அக்கா, தீட்டு…”

“எது? பொய்யா?” என்றாள் பெரியவள் மெல்ல.

சின்னவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“அந்த அம்மாவுக்கு அன்னிக்கு டீயைத் தூக்கி ஊத்தினவ நான்தான்” என்றாள் பெரியவள். “நான் கை வச்சுட்டேன்டி. எனக்கு மீற தைரியம் வராது. நீ வைக்கல. குடிச்சிட்டுக் கிளம்பு.”

“அவர் எனக்காக வச்சாரே, அக்கா?”

“உனக்குப் பசிச்சா அவர் சாப்பிடுவாரா?”

மேஸ்திரி எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனார். சின்னவள் வரலாமா என்று அவருடைய மகள் கேட்டதற்கு, “சாமிக்குத்தான் தீட்டு, ஓட்டு மெஷினுக்கு ஏது?” என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். வரிசை வளாகத்தைச் சுற்றி வளைந்திருந்தது. தண்ணீர் பாக்கெட்டுகளும் கிழித்துப்போட்ட சீட்டுகளும் காலடியில் சிதற, அவற்றைக் கூட்டிக்கொண்டே வந்தாள் அந்த அம்மாள். மேஸ்திரியைக் கண்டதும் பழக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அவர் கடந்து போனதும் சின்னவளிடம் எப்போதும் கேட்கிற ஒன்றைக் கேட்டாள். “பாப்பா நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காம்மா.” சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கரையை இடிக்கப் போறாங்களாமே. எங்கம்மா போவீங்க?”

“நாங்க எங்க போனாலும் குப்பை சேர்ந்தா தேடிட்டு வந்துடுவாங்க. தேடாம விட்டுடுவாங்களா?” என்று சிரித்தாள் அவள். சிரித்த வாய் மூடுவதற்குள் துடைப்பம் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு பேர் ஓட்டுப் போடுகிற இடத்தில், ஓட்டில்லாத ஒருத்தி இவர்கள் நடக்கப் பாதை கூட்டிக்கொண்டிருந்தாள்.

வரிசை நகர்ந்தது. உள்ளே போகும்போது மேஸ்திரி வாசலில் நின்று அவளுக்கு இரண்டு விரலைக் காட்டினார். அவள் தலையாட்டவில்லை. அவர் கவனிக்கவும் இல்லை.

அட்டை மறைப்புக்குள் போனதும் உலகமே சட்டென்று ஒதுங்கிக்கொண்டது. மூத்தார் இல்லை, புருஷன் இல்லை. மேலிருந்து இரண்டாவது பட்டன் விரலுக்கு வாகாக இருந்தது. நர்ஸம்மாவின் பெயர் கடைசியில் கிடந்தது. அவர் நல்லவரா, சொன்னதைச் செய்வாரா, ஜெயிப்பாரா? ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலேயேதான் ஒருத்தி அன்றைக்கு மழையில் பின்வாசல் தாண்டி வந்தாள்.

சின்னவள் குனிந்து கடைசிப் பட்டனை அழுத்தினாள்.

“இது உங்களோடதும்மா” என்று உதட்டுக்குள் சொன்னாள். மெஷின் நீளமாக ஒருமுறை ஒலித்து அடங்கியது. வாசலில் மேஸ்திரி அடுத்த ஆளுக்கு இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.