பதினோரு நொடி

காலை ஐந்தரைக்கு முதல் பேட்ச். அவள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்புகூடப் பற்றியிருக்காது. நேற்றைய டீயைச் சூடுபண்ணாமலே நின்றவாக்கில் வாயில் ஊற்றிக்கொண்டு ஓடிவருவாள். நீச்சல்குளத்தின் ஓரத்தில் நின்று பதினாறு பெண்களுக்குப் பாடம் நடத்துவாள்.

"வெறும் வயித்தோட தண்ணியில இறங்காதீங்க. ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வாழைப்பழமாவது உள்ள போகணும். ஏறினதும் முட்டையோ பயறோ சாப்பிடுங்க. பட்டினி கிடந்தா கொழுப்பு மட்டுமா கரையும்? சதையும் சேர்ந்து கரையும்."

அவள் வயிறு கடமுடவென்று உருளும். விசில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

குடும்பத்திலேயே முதல் பட்டம் அவளுடையது. உடற்கல்வி. "முங்கி எழுந்திருக்கவா மூணு வருஷம் படிச்ச?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

இன்று வருடாந்திரத் தேர்வு. பயிற்சியாளர்கள் எட்டு முறை குளத்தைக் கடக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்குள். தவறினால் பயிற்சி கொடுக்க முடியாது. போன வருடம் தவறியவர் இப்போது வாசலில் லாக்கர் சாவி எடுத்துக் கொடுக்கிறார்.

ஐந்தாவது பேட்ச் முடிந்த கையோடு பதினோரு மணிக்குத் தேர்வு என்று மேலாளர் போட்டிருந்தார். "கண்ணை மூடிக்கிட்டு முடிச்சிருவேன் சார்" என்று அவளும் தலையாட்டியிருந்தாள். கல்லூரியில் மூன்று நிமிடத்தில் முடித்தவள் ஆயிற்றே.

முதல் நான்கு சுற்று தண்ணீர் வழிவிட்டது. ஐந்தாவதில் கை கனத்தது. ஆறாவதில், மூச்சைத் தண்ணீருக்குள் விடச் சொல்லி ஊருக்கெல்லாம் கத்துகிறவள், தன் மூச்சை அடக்கிக்கொண்டு துழாவினாள். ஏழாவதில் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகியது. எட்டாவதை ஒற்றைக் காலை உதைத்தே, பல்லைக் கடித்து முடித்துச் சுவரைத் தொட்டாள்.

"அஞ்சு நிமிஷம் பதினோரு செகண்டு" என்றார் மேலாளர், ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி.

ஏணிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மேலே ஏறி வரத் தெம்பில்லை.

ஐந்தாவது பேட்ச்சில் வரும் தையற்காரம்மா, ஈரத்தலையோடு வேடிக்கை பார்க்க நின்றிருந்தவர், குனிந்து கேட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க மிஸ்?"

"டீ."

"நல்லா இருக்கு கதை! நேத்து நான் சாப்பிடாம வந்தேன்னு பதினஞ்சு பேர் முன்னாடி மானத்தை வாங்குனீங்களே!"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த அம்மா பையைத் துழாவி ஒரு வாழைப்பழத்தையும் அவித்த முட்டை இரண்டையும் எடுத்தார். "இதுவும் நீங்க சொன்னதுதான். பிடிங்க."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "இன்னைக்குள்ள இன்னொரு சான்ஸ் உண்டும்மா. பன்னெண்டு மணி பேட்ச்சை முடிச்சிட்டு உடனே இறங்கிடு."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"விடியறதுக்கு முன்னாடி வந்து அஞ்சு பேட்ச் எடுத்திருக்கேன். சோறு தின்ன இடைவெளியே இல்லாம நீங்கதான் அட்டவணை போட்டீங்க, நானும் வாயை மூடிட்டு இருந்தேன். என் தப்புதான். இப்ப சாப்பிட்டுப் படுக்கப்போறேன். மூணரைக்கு இறங்குறேன்."

"பன்னெண்டு மணி பேட்ச்சை யார் பார்க்கிறது?"

"நீங்க இறங்குங்க. உங்களுக்கும் தொப்பை குறையும்."

தையற்காரம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மேலாளர் முகம் சிவந்தது. சான்றிதழ் உள்ள ஆள் வேறு யாருமில்லை என்று அவருக்கும் தெரியும். முனகிக்கொண்டே போய், பேட்ச் ரத்து என்று எழுதி ஒட்டினார்.

முட்டையையும் பழத்தையும் தின்று, எதிர்க்கடையில் ஒரு சாப்பாடும் வாங்கித் தின்றாள். உடைமாற்றும் அறை பெஞ்சில், ஈரத்துணி வாடைக்கு நடுவே படுத்தாள். அடித்துப்போட்டாற்போல் தூக்கம்.

மூன்றரைக்கு, பத்து நிமிடம் கைகாலை உதறிவிட்டு இறங்கினாள். வேகம் காட்டவில்லை. மூச்சைத் தண்ணீருக்குள் விட்டு, தலையைத் திருப்பி இழுத்து, எண்ணி எண்ணிப் போனாள். கெண்டைக்கால் ஆறாவதில் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

"நாலு அம்பத்திரண்டு" என்றார் மேலாளர். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு மிச்சமில்லை. நான்கு மணி பேட்ச் பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அந்த அட்டவணையை எடுங்க சார்" என்றாள், ஏணியில் ஏறிக்கொண்டே. "ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் என் பேரைப் போடுங்க. சாப்பிடன்னு எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை சொட்டச் சொட்டப் பக்கத்திலேயே நின்றாள். பிறகு விசிலை வாயில் வைத்தாள்.