இரட்டைச் சுருள்

1984-ஆம் வருஷம், மட்டாஞ்சேரியில் ஒரு சனிக்கிழமை. மாலை ஆறரைக்குத் தோப்பும்படியில் கானமேளா, அதாவது பாட்டுக் கச்சேரி. காலை பத்து மணிக்கு ஆறுச்சாமியின் எலெக்ட்ரிக் கிடார் ஊமையாகக் கிடந்தது.

அவன் கார்ப்பரேஷன் பம்ப் ஹவுஸில் வேலை பார்ப்பவன். மூன்று மாதமாகத்தான் செல்லதுரை மாஸ்டரின் குழுவில் வாசிக்கிறான். கிடாரும் மாஸ்டருடையது. கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருளை பிக்கப் என்பார்கள். முந்தின நாள் பயிற்சியில் அது செத்துப்போனது. ஆலப்புழைக்குக் கிளம்பிய மாஸ்டர், நேரே மேடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

“வேற போட்டு வை. போன வருஷம் மாதிரி மேடையில இரைஞ்சா நான் பொறுப்பில்ல.”

போன வருஷம் வாசித்தவன் இப்போது குழுவில் இல்லை.

முகமது இஸ்மாயிலின் ரேடியோ கடையில் இரண்டு பழைய பிக்கப்கள் இருந்தன.

“கப்பல்காரன் ஒருத்தன் தந்தது. இது ஒத்தைச் சுருள், உன் கிடார்ல அப்படியே உக்காரும். மத்தது ரெட்டை. அகலம் ஜாஸ்தி, மரத்தைச் செதுக்கணும்,” என்றார் இஸ்மாயில்.

ஒற்றையை மாட்டி வாசித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெளிந்து கேட்டது. ஆறுச்சாமிக்கு மூச்சு வந்தது.

“இது மதி பாய், இதுவே போதும்.”

அவன் மனைவி லோகாம்பாள் பக்கத்துத் தையல் கடையில் வேலை செய்தாள். சத்தம் கேட்டு வந்தவள், கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“இங்க குண்டு பல்புதான எரியுது. மேடை பூரா ட்யூப் லைட்டுல்ல கட்டுவாங்க? ட்யூப் போட்டா எங்க கடை ரேடியோவே இரையுது. எங்க கடையில வந்து வாசிச்சுப் பாருங்க.”

தையல் கடையில் நான்கு ட்யூப் லைட்டுகள். கிடாரை இணைத்ததும், கம்பியைத் தொடுமுன்பே ஆம்பிளிஃபயர் கொர்ரென்று இரைந்தது. இஸ்மாயில் அதைக் கழற்றிவிட்டு, இரட்டைச் சுருளின் வயர்களை மட்டும் சேர்த்து விளக்கின் கீழ் பிடித்தார். இரைச்சல் இல்லை. “ரெட்டையில ஒரு சுருள் வாங்குற இரைச்சலை மத்தது அடிச்சிடும்,” என்றார்.

“சத்தம் எப்படி இருக்கும் பாய்?”

“கம்பிக்கு அடியில வெச்சாத்தான் தெரியும். அதுக்கு மரத்தை வெட்டணும். வெட்டினா வெட்டினதுதான். என்னால ஆகாது, மாஸ்டர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

மணி இரண்டாகியிருந்தது. ஆலப்புழையில் மாஸ்டரை எங்கே தேடுவது? அனுமதியில்லாமல் வெட்டுவதா, நாலாயிரம் பேர் முன்னால் இரைய விடுவதா? லோகாம்பாள் சாயா வாங்கி வந்தாள். அவன் குடிக்கவில்லை.

“உளி இருக்கா பாய்?” என்று கடைசியில் கேட்டான்.

வாசல் படியில் உட்கார்ந்து தானே செதுக்கினான். வியர்வையில் கை வழுக்கியது. ஒரு முறை உளி நழுவி, சிவப்பு வார்னிஷ் இரண்டு விரலளவு பெயர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

“பேடிக்காதீங்க, ஒண்ணும் ஆகாது. வேலையப் பாருங்க,” என்றாள் லோகாம்பாள்.

நான்கரைக்குப் பிக்கப் உட்கார்ந்தது. நாதம் கனமாக, கொஞ்சம் மங்கலாக வந்தது. மற்றதின் தெளிவு இதில் இல்லை. இனி மாற்ற நேரமுமில்லை.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் பெயர்ந்த இடத்தை விரலால் தடவினார்.

“யாரு வெட்டினது?”

“நான்தான் மாஸ்டர்.”

“பாட்டு முடியட்டும்.”

அந்த இரண்டு வார்த்தையைச் சுமந்துகொண்டே அவன் பதினெட்டுப் பாட்டு வாசித்தான். தலைக்கு மேல் வரிசையாக ட்யூப் லைட்டுகள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் காதைத் தீட்டிக் கேட்டான். கிடார் ஒரு தடவைகூட இரையவில்லை.

கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் வந்தார்.

“என்கிட்ட கேட்டிருந்தா வெட்ட விட்டிருக்க மாட்டேன்.” பெயர்ந்த இடத்தை மறுபடி தடவினார். “சத்தம் தடிப்பாத்தான் இருக்கு. மெலடிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கு வா, வேற எப்படி வாசிக்கலாம்னு பார்ப்போம்.”

வெள்ளிக்கிழமை என்ற சொல் மட்டும்தான் ஆறுச்சாமியின் காதில் விழுந்தது. அப்படியே ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.