நாத்தனார் சேலை

நாத்தனார் இல்லாத வீடு என்று தரகர் சொன்னதுமே பாதிச் சம்மதம் சொன்னவள் நான். மாப்பிள்ளை அருள்முருகன் ஒரே பிள்ளையாம். தாலியில் முதல் முடிச்சை அவர் போட்டதும், மற்ற இரண்டையும் போட அவருடைய பெரியப்பா மகள் அனுப்பிரியா பண்ருட்டியிலிருந்து வருவதாக ஏற்பாடு.

சிதம்பரம் மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியது. என் பிடரியில் சின்ன விரல்கள் மற்ற இரண்டு முடிச்சையும் இறுக்கின. ஐஸ் மாதிரி ஈரம், சேற்று வாடை. கை கழுவிவிட்டு வரத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது.

அட்சதை ஓய்ந்த பிறகுதான் அனுப்பிரியா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சாரி அண்ணி, பஸ் லேட்டு. முடிச்சு யாரு போட்டது?"

யாருக்கும் தெரியவில்லை. மாமியார் மட்டும் என் பின்னால் வந்து முடிச்சைத் தடவினார். விரலில் ஒட்டிய சேற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

நாத்தனாருக்கென்று எடுத்திருந்த பட்டுச்சேலையை நீட்டினேன். "அனுப்பிரியாவுக்குக் குடுத்துடவா அத்தை?"

"முடிச்சு போட்டவளுக்குத்தான் குடுக்கணும்," என்றார். "ஆனா சேல அவளுக்குப் பெருசும்மா. கொள்ளிடம் இழுத்துட்டுப் போனப்ப அவளுக்கு ஏழு வயசு. பாவாட சட்டையா எடுத்துடு."