அஞ்சு குழந்தை சேரட்டும்

அந்தத் தையல்காரியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டைக்கென்றே செய்துவைத்த முகம். இடுப்பில் ஒன்றேகால் வயது மகளோடு, தடுப்பூசி அட்டையை என் மேசையில் பொத்தென்று போட்டாள்.

"அடுத்த புதன் வாங்க," என்றேன்.

"போன புதனும் இதேதான் சொன்னீங்க."

"தட்டம்மை மருந்து ஒரு குப்பியில பத்துப் பேருக்கு இருக்கு. கரைச்சா இன்னைக்கே தீர்க்கணும், மிச்சத்தைக் கொட்டணும். அஞ்சு குழந்தையாவது சேரட்டும்."

"அதுக்கு நானே அஞ்சு பெத்துட்டு வரணுமா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்று சுற்றறிக்கை இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் வீணாகும் மருந்துக்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நர்ஸ் நான்தானே, சுற்றறிக்கையா?

"எங்க மாடியில ரெண்டு பிள்ளைங்களுக்குத் தட்டம்மை போட்டிருக்குக்கா," என்றாள், குரலைத் தாழ்த்தி.

அக்காவாம். காரியம் ஆகவேண்டுமென்றால் உடனே உறவு முளைத்துவிடும்.

"அப்ப அவங்க அம்மாக்கள்கிட்டப் போய்க் கத்துங்க," என்று அட்டையைத் தள்ளிவிட்டேன். குழந்தை என்னைப் பார்த்துக் கையாட்டியது. நான் ஆட்டவில்லை.

அடுத்த புதன் கதவைத் திறந்ததும் வாசலில் நின்றாள். பின்னால் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு குழந்தையோடு.

"எண்ணிக்கோங்க," என்றாள்.

அப்படி வா வழிக்கு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மருந்தைக் கரைத்தேன். ஊசி போடப் போட, குழந்தைகளின் அழுகையில் அறையே அதிர்ந்தது. ஒவ்வொரு குழந்தையின் காலையும் அவள்தான் அசையாமல் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது அட்டையிலும் தேதி எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"உங்க பாப்பாவைத் தூக்கிட்டு வாங்க. மருந்து இருக்கு."

"அவளுக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை தட்டம்மை போட்டுடுச்சு. நெஞ்சுல சளி கட்டி, ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் திணறிட்டு இருக்கா."

"அப்புறம் ஏன் நீங்க இங்க..."

"இதுங்க ஒவ்வொண்ணா வந்தா திருப்பித்தானே அனுப்புவீங்க?"

தப்பு என்னுடையதுதான்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டேன்.

"எதுக்கு? அங்கயும் வந்து எத்தனை குழந்தைன்னு எண்ணப் போறீங்களா?"