பத்தாவது படி

எங்கள் ஊரில் பழைய சாமானை போனில் இருக்கும் சந்தை வழியாக விற்றால், பத்தில் ஒரு பங்கைச் சந்தைக்காரர்கள் அறுத்துக்கொண்டு போவார்கள். பணமாக வாங்குவதில்லை, பண்டமாகத்தான். கட்டில் என்றால் கால்மாட்டில் ஒரு சாண். புடவை என்றால் முந்தானையில் ஒரு முழம். எதிர்வீட்டு டியூசன் டீச்சர் வாங்கிய அகராதியில் ‘ம’ வரிசை கிடையாது. அவரிடம் படிக்கும் பிள்ளைகள் அந்தச் சொற்கள் இல்லாமலே ஒப்பேற்றிவிடுகின்றன. நாங்களும் கட்டிலுக்கு வெளியே பாதத்தை நீட்டித் தூங்கப் பழகிவிட்டோம்.

என் பெயர் பொங்கியண்ணன். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன். இப்போது உட்கார் என்றால் எங்கே உட்கார்வது? ஐந்து நிமிடம் நாற்காலியில் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும், எழுந்து நடப்பேன். வீட்டில் நான் ஒருவன்தான். மகன் ஓசூரில் இருக்கிறான். மாடியில் எனக்கு வேலையில்லை என்பதால், வீட்டுப் பக்கவாட்டில் நின்ற இரும்புப் படிக்கட்டைப் படம் பிடித்துச் சந்தையில் போட்டேன். மொத்தம் பத்துப் படி.

பதினான்கு பேர் கேட்டார்கள். அதில் பதின்மூன்று பேர் ‘கடைசி விலை என்ன’ என்று எழுதிவிட்டுக் காணாமல் போனார்கள். முதல் விலையைக் கேட்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. பதினான்காவது ஆள் நேரில் வந்தார். பெயர் சென்னியப்பன், ரேஷன் கடையில் எடை போடுபவர். விலையைக் கேட்கவே இல்லை. படிகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பத்து இருக்குதுங்ணா,” என்றார்.

அவருடைய மனைவி தெய்வாத்தாள் ஒரு மாதமாக மாடியில் இருந்தார். வடகம் காயப்போட ஏறியிருந்தபோது, துருப்பிடித்த பழைய படிக்கட்டு கழன்று விழுந்துவிட்டது. சென்னியப்பன் சந்தையில் இரண்டு படிக்கட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் ஒன்பது படிதான் வந்து சேர்ந்தது. ஊரில் மற்றவர்கள் கடைசிப் படிக்கு எம்பிக் குதித்துக்கொள்வார்கள். தெய்வாத்தாளுக்கு மூட்டுவலி, குதிக்க வராது. பத்தாவது படியை மட்டும் தனியாகச் செய்வது வழக்கமில்லை என்று வெல்டிங் பட்டறையிலும் கையை விரித்துவிட்டார்கள். மூன்று வேளையும் கயிற்றில் வாளி கட்டித்தான் சாப்பாடு ஏறிக்கொண்டிருந்தது.

“சந்தைக்குத் தெரியாம நமக்குள்ளயே முடிச்சுக்கலாமுங்ணா. முழுசா எடுத்துட்டுப் போயிருவேன்.”

“அவங்க சொல்லித்தானே நீங்க என் வீட்டுக்கு வந்தீங்க? இல்லாட்டி நீங்க யாரோ, நான் யாரோ.”

“வழி சொன்னதுக்கு ஒரு படியாங்ணா?”

“வழி சொன்னவன் வெறுங்கையோடவா போகணும்? அதெல்லாம் தப்புங்க,” என்றேன். எனக்கு நியாயம் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சாயங்காலம் ரேஷன் கடையைப் பூட்டியதும் நேராக என் வீடுதான். நான் டீ போடுவேன். அவர் முதல் மடக்கிலேயே படிக்கட்டுப் பேச்சை எடுப்பார், நான் கூடாது என்பேன். பிறகு இருவரும் வேறு கதை பேசுவோம். நான் எழுந்து நடந்தால் அவரும் எழுந்து கூடவே நடப்பார். வாசலுக்கும் புழக்கடைக்கும் நடுவே நாங்கள் நடந்த தூரத்தைச் சேர்த்தால் பழனிக்கே போய் வந்திருக்கலாம். மில்லில் கூட எனக்கு அப்படி ஒரு ஆள் அமைந்ததில்லை.

ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் நான் பேசிய நியாயத்தில் பாதிதான் நியாயம். படிக்கட்டு போய்விட்டால் இந்த மனிதர் எதற்கு வரப்போகிறார் என்கிற பயம் மீதிப் பாதி. அவர் கிளம்பிப் போனதும் அது என்னைப் பிறாண்டும். ஒரு பெண்பிள்ளை மொட்டை மாடியில் தகரத்துக்கு அடியில் கிடக்கிறாள், உனக்கு டீக்குத் துணை கேட்கிறதா என்று என்னையே திட்டிக்கொண்டு நடப்பேன். மறுநாள் சாயங்காலம் அவர் வந்ததும் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒரு புதன்கிழமை அவர் டீயைத் தொடவில்லை.

“வாளியில சீட்டு வெச்சு அனுப்பியிருக்கா. எங்க சந்து குறுகலுங்ணா, மேல இருந்து எட்டிப் பார்த்தா என்னோட உச்சந்தலை மட்டுந்தான் தெரியும். ‘உங்க மூஞ்சி மறந்துட்டு வருது’ன்னு எழுதியிருக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. “நாளைக்கு வண்டி கொண்டாங்க,” என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் படிக்கட்டை அவர் வீட்டில் நிறுத்தினோம். கடைசிப் படி மாடி விளிம்போடு ஒட்டி உட்கார்ந்தது. தெய்வாத்தாள் மேலே வந்து நின்று பார்த்தார், ஆனால் காலை வைக்கவில்லை. அன்றைக்குக் கரிநாள். மூன்று மாதம் கழித்துக் கீழே இறங்குகிறவள் கரிநாளிலா இறங்குவாள் என்று மேலிருந்தே கேட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் நல்ல நேரம், அதற்கப்புறம் ராகு காலம். நாங்கள் மூவரும் காலண்டரைப் பார்த்து ஒத்துக்கொண்டோம். அட, என்ன கரிநாள் வேண்டிக்கிடந்தது! அப்போதே இறங்கியிருந்தால் கதை வேறு.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு என் வாசலில் மயில்சாமி நின்றார். எங்கள் பகுதிக்குச் சந்தை வைத்திருக்கும் ஆள், தங்கமான மனிதர். ரம்பத்தைத் துண்டில் சுற்றி பைக்கில் கட்டியிருந்தார்.

“ஏனுங்க, விளம்பரம் நிக்குது, படிக்கட்டைக் காணமுங்களே?”

“தொலைஞ்சு போச்சுங்க,” என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“அப்படீங்களா. உங்க ஒன்பது பங்கு தொலைஞ்சிருக்கலாமுங்க. எங்க பங்கு தொலையாதே, அது எங்கே?”

சென்னியப்பன் வீட்டில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பைக்கில் ஏறினேன்.

நாங்கள் போனபோது ஒன்பது ஐம்பது. மேலே தெய்வாத்தாள் துணி மூட்டையோடும் வடகம் போட்ட சம்படத்தோடும் தயாராக நின்றார். கீழே சென்னியப்பன் முகம் தெரியவேண்டும் என்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். மயில்சாமி ரம்பத்தைப் பிரித்ததும் அந்த முகம் செத்துப்போனது.

“அம்மிணி இறங்கிக்கட்டும், அப்புறம் அறுத்துக்குங்களேன்,” என்றேன்.

“வாங்கினவங்க கால் படறதுக்கு முன்னால எடுக்கோணுமுங்க. கால் பட்டுட்டா பழசு. எங்க பங்கு கழிஞ்சிரும்.”

“ஒரே ஒரு படிதானே, மயில்சாமி!”

“நானும் அதையேதானுங்க கேக்கறேன். ஒரே ஒரு படிதானே?” அவர் கோபப்படவில்லை, யோசித்தார். “பண்டத்துல வேண்டாமுன்னா இன்னொரு வழி இருக்குதுங்க. படிக்கட்டு உங்களுது. ஆனா உங்க ரெண்டு பேர் பழக்கம் சந்தை குடுத்தது. அதைத் திருப்பிக் குடுத்துட்டா ரம்பத்தைச் சுத்திக் கட்டிருவேன். விற்கிறவங்க பேர்லதான் கழிவு, அதனால இவர்கிட்ட இருக்கற உங்க பழக்கத்தை எடுத்துக்கறேன், இவருக்கு உங்களை யாருன்னே தெரியாமப் போயிரும். இவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

சென்னியப்பன் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். “நீங்களே சொல்லுங்ணா,” என்றார்.

மணி பத்து ஐந்து. நான் அந்தச் சந்தில் இப்படியும் அப்படியும் நடந்தேன். இந்த ஆள் மட்டும் இல்லாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு நான் என்ன செய்வேன்? படியை அறுக்கச் சொன்னால் நாளைக்கும் வருவார், அதற்கு மறுநாளும் வருவார், வேறு படிக்கட்டைத் தேடிக்கொண்டு. வருகிற ஆளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு டீயை நீட்டுவது? பத்துப் பத்துக்கு நின்றேன்.

“பழக்கத்தையே எடுத்துக்குங்க,” என்றேன்.

மயில்சாமி ஒரு ஸ்டூலைப் போட்டு சென்னியப்பனை உட்காரவைத்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் மூன்று தரம் நிதானமாக வாரினார். சீப்பில் வந்ததைத் தினசரித்தாளில் மடித்தார். இரண்டு மாதப் பழக்கம் நாலு பஜ்ஜிப் பொட்டலம் அளவுக்கு இருந்தது. நான் நினைத்ததை விடக் கனமாக இருக்கும் போலிருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் பைக்கில் வைத்தார்.

சென்னியப்பன் எழுந்து என்னைப் பார்த்தார். “படிக்கட்டு வெல்டிங்குக்கு வந்தவங்களா? கூலி குடுத்தாச்சுங்களா?”

“குடுத்தாச்சுங்க,” என்றேன்.

பத்து இருபதுக்குத் தெய்வாத்தாள் பத்துப் படியும் இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று கணவனின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தெய்வாத்தாளும் என்னைப் பார்த்தார், மேலிருந்து என் வழுக்கையை மட்டுமே கண்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. இருவரும் உள்ளே போனார்கள். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அதற்கப்புறம் நாலு நாள் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆறு மணிக்கு இரண்டு டம்ளர் டீ போட்டு இரண்டையும் நானே குடித்தேன். ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன். அவர் சர்க்கரையைச் சரியாக நிறுத்துப் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சென்னியப்பன், கையில் போனோடு நின்றார்.

“விளம்பரம் பார்த்து வந்தேனுங்க,” என்றார்.

“நான் எதுவும் போடலையே.”

போனை நீட்டினார். மயில்சாமியின் சந்தைதான். வீட்டு உபயோகப் பொருட்கள் பகுதியில் என் படம் இருந்தது. கீழே, ‘சிநேகிதர், ஒருவர். இரண்டு மாதமே ஓடியது. கொஞ்சம் நடமாட்டம் அதிகம். நேரில் பார்த்து வாங்கிக்கொள்ளவும்’ என்று போட்டிருந்தார்கள்.

“நான் இதுவரைக்கும் இந்த மாதிரி வாங்கினதில்லீங்க. ஒரு தடவை பார்த்துக்கலாமுங்களா?”

“தாராளமா,” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தோளை லேசாகத் தட்டிச் சத்தம் கேட்டார். முழங்கையை மடக்கி நீட்டச் சொன்னார். நான் ஆடாமல் அசையாமல், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பின்பக்கம் கொஞ்சம் காட்டுங்க,” என்றார்.

வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு, மெதுவாகத் திரும்பி நின்றேன்.